கேட்காமல் வைத்த கேஸட்

ஜூரோங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பேன். பாட்டு கேட்பதற்கு அல்ல. கேஸட் ரெக்கார்டர்கள் வரிசையாக என் முன்னால் வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சோதனைக் கேஸட்டைப் போட்டால் ‘ஊ’ என்று ஒரே ஓசை வரும். அது நடுங்காமல் வருகிறதா என்று கேட்க வேண்டும். நடுங்கினால் சிவப்பு ஸ்டிக்கர், நடுங்காவிட்டால் பச்சை. ஒரு பெட்டிக்கு அரை நிமிடம். அதற்கு மேல் எடுத்துக்கொண்டால் லைன் லீடர் பின்னால் வந்து நிற்பார்.

எழுபத்தொன்பதில் எனக்கு இருபத்திரண்டு வயது. வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது காதுக்குள் அந்த ‘ஊ’ ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போனதும் எதையாவது கேட்டுத்தான் அதை விரட்ட வேண்டும். அப்போது ரேடியோவில் தமிழ்ப் பாட்டு வைத்தால்தான் உண்டு. அவர்கள் எதை வைக்கிறார்களோ அதுதான். பிடித்த பாட்டு ஒன்று வந்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பார்.

அந்த வருடம் தொழிற்சாலையில் உறையில் கீறல் விழுந்த ரெக்கார்டர்களை எங்களுக்கே மலிவாகக் கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கி வந்தேன். தஞ்சோங் பகாரில் ஒன்பதாவது மாடியில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர், அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். வீட்டில் நாங்கள் மூன்று பேர். அக்கா நர்ஸ் படிப்புக்கு இங்கிலாந்து போய், அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

ரெக்கார்டர் வந்ததில் முதல் சந்தோஷமே அக்காவின் குரல்தான். கடிதம் எழுதச் சோம்பல்படும்போது அவள் கேஸட்டில் பேசி அனுப்புவாள். மேசை மேல் பெட்டியை வைத்துச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். “அம்மா, சாப்பிட்டீங்களா?” என்று அக்கா கேட்டால், அம்மா பெட்டியைப் பார்த்து, “சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா?” என்பார். நானும் அப்பாவும் சிரிப்போம். அடுத்த முறையும் அம்மா அப்படியேதான் பதில் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போய்விட்டு, அங்கிருந்து நடந்தே சிராங்கூன் சாலைக்குப் போவது எங்கள் வழக்கம். அம்மா தேக்கா மார்க்கெட்டுக்குள் நுழைவார். நான் பக்கத்துச் சந்தில் இருந்த கேஸட் கடைக்குப் போவேன். கடை வைத்திருந்தவர் நாகூர்ப் பக்கத்துக்காரர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் சுவர் முழுக்க இசைத்தட்டுகள் இருந்தன. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால், வெற்றுக் கேஸட்டில் பதிந்து அடுத்த வாரம் தருவார். ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு அடங்கும்.

முதல் கேஸட்டை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. நான்காவது பாட்டின் நடுவில் இசைத்தட்டின் ஒரு கீறல் ‘டிக்’ என்று கேட்கும். பிறகு வேறு எங்காவது அந்தப் பாட்டைக் கேட்டால், அந்த இடத்தில் ‘டிக்’ வரவில்லையே என்று இருக்கும். அந்த அளவுக்கு மனப்பாடம்.

நாற்பது கேஸட் வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று இப்போது யோசித்தாலும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டின் நினைவு வந்துவிடும். இது இவ்வளவு மெதுவாகப் போகிறதே, அந்த இன்னொரு கேஸட்டில் அதைவிட நல்லதாக ஒன்று இருக்கிறதே என்று கை தானாகப் பட்டனுக்குப் போகும். மாற்றிப் போடுவேன். பல்லவி முடியும், அடுத்தது. ஒவ்வொரு ஞாயிறும் பாயிடம் புதிய பட்டியல் கொடுப்பேன். போன வாரம் வாங்கியதைக் கேட்டிருக்க மாட்டேன். பட்டியல் எழுதுவதில் இருந்த சுகம் கேட்பதில் இல்லை. தொழிற்சாலையில் பழகிய அரை நிமிடக் கணக்கு வீட்டுக்கும் வந்துவிட்டதோ என்னவோ.

பிறகு வாக்மன் வந்தது. அந்தக் காலத்து வாக்மனில் இரண்டு பேர் கேட்பதற்கு இரண்டு துளைகள் இருக்கும். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் மலாய்த் தோழி, தமிழ் புரியாவிட்டாலும் ராகம் நன்றாக இருக்கும் என்று தன் ஹெட்போனையும் அதில் சொருகிக்கொள்வாள். ஒரு நாள் புக்கிட் தீமா தாண்டுவதற்குள் அதைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

“உன்கூடக் கேட்டா தலை சுத்துது லா. ஒண்ணையும் பாடி முடிக்க விடமாட்டேங்கிறியே” என்றாள் அவளுக்கும் எனக்கும் பொதுவான ஆங்கிலத்தில். மறுநாள் முதல் அவள் ஜன்னல் பக்கம் தலை சாய்த்துத் தூங்கினாள். நான் பட்டனை அமுக்கிக்கொண்டே ஜூரோங் போய்ச் சேர்ந்தேன்.

எண்பத்திரண்டில் வீட்டுக்கு வீடியோவும் வந்தது. சனிக்கிழமை மூன்று படம் எடுத்தால் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்றையும் பார்க்க நேரம் பத்தாது. அதனால் பாட்டை ஓட்டுவேன், சண்டையை ஓட்டுவேன், கடைசியில் அழுகையையும் ஓட்டுவேன். மனிதர்கள் திரையில் குடுகுடுவென்று ஓடி வந்து, அழுது, கும்பிட்டு, செத்துப்போவார்கள். அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து கேட்பார்: “அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆச்சு?”

“எந்தப் பொண்ணுப்பா?”

“ஆத்துல விழுந்துச்சே.”

“அது முதல் படம்ப்பா. இது வேற.”

“அதுதான் கேக்குறேன். அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?”

எனக்கும் தெரியாது. அந்த இடத்தை ஓட்டிவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கும். பிழைத்துக்கொண்டாள் என்று சொல்லிவிடுவேன்.

எண்பத்து மூன்று பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வரும்போது, அக்காவோடு இங்கிலாந்தில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் என்னைத் தேடி வந்தார். நம் ஊர்க்காரர்தான், விடுமுறைக்கு வந்திருந்தார். அம்மா சற்றுத் தள்ளிக் கோயில் பங்குக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த நர்ஸ் அம்மாவைப் பார்த்துக்கொண்டே ஒரு கேஸட்டை என் கையில் வைத்து மூடினார்.

“அக்கா உங்கிட்ட மட்டும் குடுக்கச் சொன்னா. தனியா இருக்கும்போது கேளு. சீக்கிரம் கேளும்மா.”

எந்த எழுத்தும் இல்லாத அறுபது நிமிடக் கேஸட். என் பையில் ஏற்கெனவே திருப்பிக் கொடுக்க வேண்டிய வீடியோ இரண்டு இருந்தது, அடுத்த ஞாயிறு பாயிடம் கொடுக்க வெற்றுக் கேஸட் ஐந்து இருந்தது. அதோடு இதையும் போட்டேன்.

கேட்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். மறுநாள் பஸ்ஸில் வாக்மனில் போட்டேன். “பாப்பா, நான் அக்கா பேசுறேன்” என்று தொடங்கினாள். அங்கே குளிர் எப்படி, எந்த வார்டில் போட்டிருக்கிறார்கள் என்று ஏதோ சொன்னாள். பின்னால் கெட்டில் கொதிக்கிற சத்தம். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நாடா ஓடுகிற ‘ஸ்ஸ்’ மட்டும் கேட்டது. நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம்? பத்து விநாடி இருக்குமா? கை பட்டனுக்குப் போய்விட்டது. இதை வீட்டில் நிதானமாகக் கேட்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு பாட்டுக் கேஸட்டைப் போட்டேன். அந்தப் பாட்டையும் முழுதாகக் கேட்கவில்லை.

நிதானமான நேரம் வரவே இல்லை. வீட்டில் அப்பா இருப்பார், இல்லையென்றால் திருப்பிக் கொடுக்க வேண்டிய படம் இருக்கும். கேஸட்டை மேசை டிராயரில் வைத்தேன் என்றுதான் நினைவு. வாரங்கள் போயின. மாதங்களும் போயின. நடுவில் ஒரு தடவை அம்மா, “பெரியவ லெட்டர் போட்டு ரொம்ப நாளாச்சே” என்றார். “டியூட்டி ஜாஸ்தியா இருக்கும்மா” என்றேன். இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். அன்று ஏதோ புதுப் படம் கிடைத்தது.

நவம்பரில் என் பெயருக்கு ஒரு ஏரோகிராம் வந்தது. அக்காவின் கையெழுத்து. அந்த நீலத் தாளில் மூன்று மடிப்புக்கு எழுத இடம் இருந்தும் ஐந்து வரிதான் எழுதியிருந்தாள்.

கேஸட் உன் கையில் கிடைத்தது என்று அதைக் கொண்டு வந்தவள் திரும்பி வந்து சொன்னாள். ஜூலை வரை காத்திருந்தேன். நீ பதில் போடாததே பதில் என்று எடுத்துக்கொண்டேன். ஆகஸ்டில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அப்பா அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

எத்தனை முறை படித்தேனோ. யாரைத் திருமணம் செய்துகொண்டாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

டிராயரைத் திறந்தேன். கேஸட்டுகள் மூன்று அடுக்காக இருந்தன. கட்டிலுக்கு அடியில் இரண்டு பெட்டி, அலமாரி மேல் ஒரு பெட்டி. ஆரம்பத்தில் மணிமணியாகப் பெயர் எழுதியவள்தான் நான். பிறகு எழுதுவதை விட்டுவிட்டேன். பாதிக்கு மேல் வெறும் உறை. எது எது என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட். நான்கு மணிக்கு வீடு வந்து சேர்ந்ததும் உட்காருவேன். ஒன்றைப் போடுவேன், பாட்டு வரும், எடுப்பேன். அடுத்தது. தப்லா, வயலின், ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல், சிரிப்பு. எல்லாம் நானே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியவை. அவற்றில் பலதை அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன், அதுவும் நாலு விநாடி. ஒரு பாட்டு தொடங்கியபோது, அடடா, இதற்காகவா இரண்டு வாரம் பாயை நச்சரித்தேன் என்று அடையாளம் தெரிந்தது. நிறுத்திவிட்டு அடுத்ததைப் போட்டேன். மூன்று சாயங்காலம் இப்படிப் போனது. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “எதைத் தேடுறே?” என்றார். “ஒரு பாட்டும்மா” என்றேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் இருந்த எந்தக் கேஸட்டிலும் அக்கா இல்லை.

அப்போதுதான் அந்த ஐந்து வெற்றுக் கேஸட் நினைவுக்கு வந்தது. ஒரே பை. ஒரே மாதிரி உறை. டிராயரில் வைத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் எது? பாயிடம் போயிருந்தால் அவர் அதன் மேல் பாட்டைப் பதிந்திருப்பார். அக்காவின் குரல் இருந்த இடத்தில் நான் கேட்டு வாங்கிய, நான் கேட்காத பன்னிரண்டு பாட்டு.

மறுநாள் வேலையிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேராகச் சிராங்கூன் சாலைக்குப் பஸ் ஏறினேன். கடையில் வழக்கம்போல நாலு மெஷின் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாட்டு. அந்த இரைச்சலுக்கு மேல் நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

“பாய், பிப்ரவரியில நான் குடுத்த கேஸட்ல ஒண்ணுல... பேச்சு இருந்துச்சா?”

அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே ரசீதுகளுக்கு நடுவில் தாளில் சுற்றிய கேஸட் ஒன்று இருந்தது.

“பதியறதுக்கு முன்னாடி எதையும் கொஞ்சம் போட்டுப் பாப்பேன். பாப்பான்னு கூப்பிட்டாங்க. உடனே நிறுத்திட்டேம்மா. மேல கேக்கலை. அடுத்த ஞாயித்துக்கெழமையே உங்ககிட்ட சொன்னேனே, உங்க கேஸட் ஒண்ணு இங்க இருக்குன்னு. சரி சரின்னு தலையாட்டிட்டு, புது லிஸ்டைக் குடுத்துட்டு ஓடிட்டீங்க. ரெண்டு தடவை சொன்னேன். அப்புறம் நானும் மறந்துட்டேன்.”

எனக்கு ஞாபகமே இல்லை. அவர் சொன்னது ஒரு முறைகூட என் காதில் ஏறவில்லை.

நான் அழுகிற நிலையில் இருப்பதைப் பார்த்தாரோ என்னவோ, உள்ளே தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். “இங்கேயே கேளுங்க” என்றார். பிறகு ஓடிக்கொண்டிருந்த மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். அந்தக் கடை அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. வெளியே மிளகாய் அரைக்கிற மில்லின் சத்தம் கேட்டது. பாய் போய் கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் நின்றுகொண்டு, வந்த வாடிக்கையாளரைக் கொஞ்ச நேரம் கழித்து வரச் சொன்னார்.

கெட்டில் கொதித்தது. அக்கா பேச்சை நிறுத்தினாள். நாடா ஓடியது. இந்த முறை நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மௌனம் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்னாள்:

“பாப்பா, ஒருத்தரைப் பத்திச் சொல்லணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை.”

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். மனைவி இறந்துவிட்டார், ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. சைவக் குடும்பம். நாங்கள் கத்தோலிக்கர். அப்பா என்ன சொல்வாரோ என்று அக்காவுக்குப் பயம். நேராகக் கடிதம் எழுதி அப்பா வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு பேசவே முடியாது. “நீ பக்கத்துல இருக்கே. அவரு மூஞ்சியப் பாத்துப் பேசு. நல்லா இருக்கிற நேரமாப் பாத்து, மெதுவா. உனக்கு இது வேண்டாம்னு பட்டா அதையும் எங்கிட்ட சொல்லு. நீ சொன்னா நான் யோசிப்பேன். ஆனா ஏதாவது சொல்லு.”

அந்தக் குழந்தை என்ன சாப்பிடும், எதற்குச் சிரிக்கும் என்றெல்லாம் நிறையச் சொன்னாள். இரண்டாவது பக்கத்தின் பாதியில் நாடா ‘டக்’கென்று வெறுமையானது. கடைசி வரை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பாய் உள்ளே வந்தார். “டீ சொல்லட்டுமா?” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஜாலான் புசார் வரை எதற்கென்று தெரியாமல் நடந்தேன். இரும்புக் கடைகளில் கதவு சாத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு திரும்பி வந்து பஸ் ஏறினேன்.

அப்பாவிடம் அன்றே சொன்னேன். அம்மாவும் இருந்தார். கேஸட்டையும் ஏரோகிராமையும் மேசை மேல் வைத்துவிட்டு, பஸ்ஸில் நிறுத்தியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா கேள்வி கேட்டார்.

“சைவக்காரரா?”

“ஆமாப்பா.”

“பிள்ளைக்கு ஆறு வயசா?”

“இப்ப ஏழு ஆகியிருக்கும்.”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். அவர் அவற்றைப் பார்த்தபடியே சொன்னார்: “பிப்ரவரியில நீ வந்து கேட்டிருந்தா சத்தம் போட்டிருப்பேன். ஒரு மாசம் யாரோடயும் பேசியிருக்க மாட்டேன். அப்புறம் சரின்னுதான் சொல்லியிருப்பேன். இப்ப நான் சத்தம் போடறதுக்குக்கூட இடமில்லாம பண்ணிட்டியே.”

அவர் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு நாள் கழித்து, “அந்தப் பெட்டிய எடு” என்றார். வெற்றுக் கேஸட் ஒன்றைப் போட்டேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்தில் பேசுவதுபோல இரண்டு நிமிடம் பேசினார். மாப்பிள்ளைக்கு வணக்கம் சொன்னார். அம்மா பெட்டியைப் பார்த்ததும், “நல்லாயிருக்கியா?” என்று கேட்டுவிட்டு, வழக்கப்படி பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு அழுதார். நாங்கள் நிறுத்தவில்லை. கடைசியில் நான் பேசினேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். சொல்லி முடிக்க மூன்று முறை அழித்துப் பதிய வேண்டியிருந்தது.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நீண்ட கடிதம், குழந்தை வரைந்த ஒரு படம். எனக்கென்று அதில் ஒரு வரியும் இல்லை. அதற்கு அடுத்த கடிதத்தில் இருந்தது: பாப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

திருந்திவிட்டேனா என்றால், கேஸட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கொடுத்துவிட்டேன். கோயில் பங்கில் கேட்டவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தைப் பாயே எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் எதையும் கேட்காமல் இருந்தேன். பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து வருவது பெரிய பாடாக இருந்தது. விரல் மடியில் எதையோ அமுக்கிக்கொண்டே இருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறுபடியும் வாங்கினேன். ஒரு பாட்டை முழுதாகக் கேட்பது இன்றும் எனக்குச் சுலபமாக வருவதில்லை.

எண்பத்தைந்து டிசம்பரில் அக்கா வந்தாள், கணவரோடும் அந்தப் பெண்ணோடும். அப்பாவும் மருமகனும் முதல் நாள் வானிலையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். இரண்டாம் நாள் இருவருமாகத் துறைமுகத்தைப் பார்க்கக் கிளம்பிப் போனார்கள். குழந்தையை அம்மா விடவே இல்லை.

நானும் அக்காவும் சிராங்கூன் சாலைக்குப் போனோம். அவளுக்குச் சேலை எடுக்க வேண்டியிருந்தது. பாதையில் கூட்டம். பூக்கடையைத் தாண்டும்போது அவள் திடீரென்று கேட்டாள்:

“பஸ்ல எவ்வளவு நேரம் கேட்டே?”

எதைக் கேட்கிறாள் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. “ரெண்டு நிமிஷம் இருக்கும்க்கா. நீ பேசாம இருந்தியே, அந்த இடத்துல நிறுத்திட்டேன்.”

“அந்த இடத்துலயா?” அவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் எங்களை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். “நாலு நாள் உக்காந்து பேசினேன் பாப்பா அதை. அழிச்சு அழிச்சு. கடைசியில அந்த இடத்துல மட்டும் எப்படியும் பேச்சு வரலை. அப்படியே ஓட விட்டுட்டேன்.”

அவள் கோபமாக இருக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தாள், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்ததுபோல. எதிரே சேலைக் கடை. உள்ளே போய் இரண்டு மணி நேரம் பார்த்தோம். அவள் நிதானமாக, ஒவ்வொரு சேலையையும் முழுதாக விரிக்கச் சொல்லிப் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.